முதுகில் வைத்த கால்

செங்கமலம் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் இடது கால் வெளியே வந்ததாம். பிரசவம் பார்த்தவள் பயந்துபோய்ப் பெருமாளைக் கூப்பிட்டாளாம். அது நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் காலால் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்ற நம்பிக்கையால், பண்ருட்டியில் அவள் வாசலுக்கு ஆள் வருவது இன்னும் நிற்கவில்லை. பலாப்பழத்துப் பண்ருட்டி இல்லை. ஒரகடத்தை ஒட்டிய பண்ருட்டி. முன்பெல்லாம் நாற்று நட்டவர்கள் வந்தார்கள். இப்போது கழுத்தில் ஐடி கார்டு தொங்க, ஷிப்ட் முடிந்த பையன்கள் நேரே வந்து குப்புறப் படுக்கிறார்கள்.

கழனி கம்பெனிக்குப் போன பிறகு, செங்கமலமும் அவள் வீட்டுக்காரர் ரகுபதியும் வீட்டின் பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கடைசி அறையில் அருள்பாண்டியும் மாரிசெல்வியும் குடியிருந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்துக்காரர்கள். அவன் லாரிக்குப் பிரேக் டிரம் செய்யும் கம்பெனியில் காண்டிராக்ட் தொழிலாளி. இரும்புத் தொட்டியிலிருந்து டிரம்மைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, மெஷினில் வைத்து, கடைந்து முடிந்ததும் எடுத்து அந்தப் பக்கம் அடுக்கவேண்டும். ஷிப்ட் முழுக்க அதுதான். அவள் செல்போன் சார்ஜர் கம்பெனியில் லைனில் நின்றாள்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்விதான் அவனைக் கூட்டிக்கொண்டு செங்கமலத்தின் வாசலுக்கு வந்தாள்.

"இன்னா பாண்டி, எங்க வலிக்குது? கைய வெச்சிக் காட்டு."

"நடு முதுகுலக்கா. இங்கன."

"குப்புறப் படு. கூச்சப்பட்டுகினு நின்னா வலி போவுமா?"

அவன் கோரைப்பாயில் படுத்தான். செங்கமலம் காலைக் கழுவித் துடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது குதிகாலை அவன் முதுகில் வைத்து அழுத்தி எடுத்தாள். கனத்த உடம்புக்காரி. ஆனால் பூனை நடப்பதுபோல்தான் கால் வைப்பாள். மிதித்து முடித்து, "எயுந்து நட. திரும்பிப் பாக்காத" என்றாள்.

அவன் வேப்பமரம்வரை நடந்துபோய் நின்று, "லேசா இருக்குக்கா" என்றான். மாரிசெல்விக்கு அந்த நிமிஷமே அவள் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போலிருந்தது. மறுநாளே வலி திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் போனார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

வலிக்குக் காரணம் சொல்லாதவர்கள் யாருமில்லை. அவனோடு அதே லைனில் நிற்கும் கொம்பையா அண்ணன், அவர்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், ஒரு நாள் டீ குடிக்க வந்தவர் மாரிசெல்வியிடமே முறையிட்டார். "முட்டிய மடக்கி உக்காந்து தூக்குலேன்னா கேக்கானா? பெருமைக்கு நின்ன மேனிக்கே குனிஞ்சி தூக்குதான். பெறகு வலிக்காம என்ன செய்யும்?"

ரகுபதி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் பைக்கைக் குறை சொன்னார். "அந்த வண்டிய வித்துத் தள்ளு பாண்டி. கண்டெய்னர் லாரிங்க போட்ட பள்ளத்துல தெனம் வியுந்து வியுந்து எயுந்தா, அது இன்னா முதுகா, இரும்பா?"

மருந்துக்கடைக்காரர் வாயு என்றார். ஊரிலிருந்து போனில் அவன் அம்மா, பஞ்சு மெத்தையில் படுப்பதுதான் காரணம் என்றாள். ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டாக்டர், சதைப்பிடிப்பு என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். பாரம் தூக்குகிறவர்களில் இது வராதவர் இல்லை, ஓய்வெடுத்தால் தானாகப் போய்விடும் என்றார்.

ஒவ்வொன்றும் முதுகு வலிக்கு நிஜமான காரணம்தான். அதனாலேயே யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. ஓய்வு ஒன்றுதான் கிடைக்கவில்லை. ஆவணியில் பெர்மனென்ட் பட்டியல் போடப்போகிறார்கள் என்று பேச்சிருந்தது. சூப்பர்வைசர் பலராமன் நல்ல மனுஷர். தன் இடுப்பு பெல்ட்டையே கழற்றிக் கொடுத்து, "லீவு மட்டும் போட்டுடாத பாண்டி, காண்டிராக்டர் வேற ஆள நிறுத்திடுவான்" என்று காதோடு சொல்லிவைத்திருந்தார். அவன் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு டிரம் தூக்கினான்.

ஆனி பிறந்தபோது அவன் சட்டைகள் தொளதொளத்தன. கருவாட்டுக் குழம்பென்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவன், இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளினான். பொழுது சாய்ந்தால் உடம்பு கணகணவென்று கொதித்தது. காலையில் அவன் எழுந்த இடத்தில் தலையணையும் விரிப்பும் நனைந்திருந்தன. மாரிசெல்வி தினமும் அவற்றைக் கொடியில் காயப்போட்டாள்.

"என்ன மச்சான் இப்படி வேர்க்கி?"

"தகரக் கொட்டாய்ல வேல பாக்குற ஒடம்பு வேர்க்காம என்ன செய்யும்? சும்மா இருட்டி."

இருமலில்லை, சளியில்லை. அதனால் அவளும் சும்மா இருந்தாள்.

செங்கமலத்துக்கும் அவன் இளைப்பு கண்ணில் பட்டது. "என் காலுக்குக் கேக்கலியே மாரி. வாலாஜாபாத்தாண்ட சுளுக்கு எடுக்கறவரு ஒருத்தர் கீறாரு. முட்டியக் குடுத்து ஒரே இழுப்புதான், சடக்குனு நெட்டி விட்டுடும். வர ஞாயித்துக்கெயம எங்க ஊட்டுக்காரு ஆட்டோல போயிட்டு வந்துடலாம்" என்றாள். மாரிசெல்வியும் சரியென்றாள். சுளுக்கெடுப்பவருக்குச் சொல்லியும் அனுப்பியாகிவிட்டது.

இடையில், பைக்கை விட்டுக் கம்பெனி பஸ்ஸில் போய்வரத் தொடங்கியிருந்த அவன், ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாரிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பிருந்தது.

"இன்னொரு செருப்ப எங்க போட்டீக?"

அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள். தெருமுனையில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் செருப்பு கிடந்தது. அங்கிருந்து சரளைக்கல் ரோடு. அத்தனை கல்லிலும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான், உறைக்கவில்லை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவன் காலை மடியில் வைத்து, கீரைக்காம்பால் உள்ளங்காலில் கீறினாள்.

"தெரியுதா?"

"என்னமோ துணிய வச்சித் தேய்க்க மாதிரி இருக்கு."

"நாளைக்கு நீங்க வேலைக்குப் போவல" என்றாள். "நானும் போவல. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏட்டி, பட்டியல் போடுற நேரம்..."

"பட்டியல்ல பேரிருந்து காலு இல்லாட்டா என்ன செய்வீக?"

கொம்பையா அண்ணனும் லீவு போட்டுவிட்டு வந்தார். இருவருமாக அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வரிசை நீளம். முறை வந்தபோது பார்த்தவர் இளவயது டாக்டரம்மா. குரலில் அவசரம் இருந்தாலும் முகத்தில் இல்லை.

"ராத்திரி படுத்தா வலி குறையுதா, கூடுதா?"

"குறையும் டாக்டர்" என்றான் அருள்பாண்டி.

"கூடும்" என்றாள் மாரிசெல்வி.

டாக்டர் இருவரையும் பார்த்தார். "சாயங்காலம் காய்ச்சல் வருமா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"வரும் டாக்டர். பொழுதடைஞ்சா கொதிக்கும். வெடியுமுன்ன தலவாணியெல்லாம் நனஞ்சிரும். சோறு எறங்கல. எளச்சிட்டாக."

அவன் அவளை முறைத்தான். கட்டியவளே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்ற முறைப்பு. டாக்டர் அதைக் கவனிக்காததுபோல் அவனைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவன் "எம்மா" என்று கத்திவிட்டான். அப்புறம் அவனை நடக்கவே விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், முதுகில் ஊசி விட்டு எடுத்த சாம்பிள் என்று நாட்கள் போயின. வார்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்து, மாரிசெல்வி காத்துக்கிடந்தாள்.

"டிபி" என்றார் டாக்டர்.

"அவுக இருமவே இல்லியே டாக்டர்."

"நெஞ்சுல மட்டும்தான் வரும்னு இல்லம்மா. முதுகெலும்புலயும் வரும். எலும்பை அரிச்சிருக்கு, பக்கத்துல சீழ் கட்டி நரம்பை அழுத்துது. அதான் காலு மரத்துப்போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு காலும் விழுந்திருக்கும்." அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க. இது மருந்துல கேக்கும். வருஷத்துக்கு மேல சாப்பிடணும், ஒரு வேளைகூட விடக்கூடாது. நெஞ்சு சுத்தமா இருக்கு, அதனால மத்தவங்களுக்கு ஒட்டாது. எண்ணெய் போட்டு உருவினீங்களா? யாராவது மிதிச்சாங்களா?"

கொம்பையா அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாரிசெல்வி தலையை ஆட்டினாள்.

"இனிமே யாரும் மிதிக்கவோ நெட்டி எடுக்கவோ கூடாது. அரிச்ச எலும்பு நொறுங்கிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

சுளுக்கெடுக்க வாலாஜாபாத்துக்குப் போவதாக இருந்த ஞாயிறு, அவர்கள் வார்டில் இருக்கும்போதே கடந்துபோயிருந்தது.

கால்கள் மோசமாகவில்லை, மருந்து கேட்கிறது என்று தெரிந்ததும், முதுகையும் நெஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டைப் போட்டு அனுப்பினார்கள். வண்டியில் படுத்துக்கொண்டே வரும்போது அருள்பாண்டி அவள் கையைப் பிடித்தான்.

"வீட்டுக்காரக்காட்ட டிஸ்க் விலகிருச்சுன்னு சொல்லிரு. அந்தப் பேரச் சொல்லிராத. முன்ன நான் இருந்த கம்பெனி ஹாஸ்டல்ல ஒருத்தனுக்கு வந்தப்ப அவன் தட்டக்கூட வெளிய தூக்கி வச்சாங்க. நம்மள எங்க தூக்கி வைப்பாங்களோ."

அவள் டிஸ்க் என்றே சொன்னாள். "டிஸ்க்குக்கு இன்னாத்துக்கு இம்மாம் மாத்திர?" என்று கேட்டாள் செங்கமலம். ஒரு தடவை காலை வைத்துப் பார்க்கிறேன் என்று அறைக்குள் வரப்போனவளை, மாரிசெல்வி கதவு நிலையில் கையை ஊன்றி மறித்தாள். "ஆரும் தொடக்கூடாதுன்னுட்டாகக்கா." செங்கமலம் அவளையும் அந்தக் கையையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒட்டாது என்று டாக்டர் சொன்னது காதிலிருந்தாலும், மனசு கேட்கவில்லை. அவன் தட்டையும் டம்ளரையும் மாரிசெல்வி தனியாக வைத்தாள். செங்கமலம் கிண்ணத்தில் கொடுத்தனுப்பும் கீரைக்கடைசலையும் மீன்குழம்பையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் கிண்ணத்தைத் திருப்பும்போது தன் சமையலில் ஒன்றையும் போட்டுத் தரவில்லை. வெந்நீரில் கழுவி வெறுமனே கொடுத்தாள். ஊரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் பகலில் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் சந்திரலேகா ஸ்கூட்டரில் வந்தாள். அவனிடம் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று அவன் பயந்து சொல்ல, "அது மாத்திரையோட கலர். போகலன்னாதான் நீங்க ஏமாத்துறீங்கன்னு அர்த்தம்" என்று சிரித்தாள். மாரிசெல்வியை எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த செங்கமலம் கேட்டாள்: "யாரு மாரி அது?"

இன்சூரன்ஸ் என்று சொல்வதற்கு மாரிசெல்வி வாயெடுத்தாள். ஈரப்புடவையை உதறியபடி வெள்ளந்தியாக நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"டிபி நர்ஸுக்கா. அவுகளுக்கு முதுகெலும்புல டிபி. டிஸ்க்கு இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

"முதுகுலயா?"

"ஆமாக்கா. எலும்ப அரிச்சிருச்சாம். ஆரும் மிதிச்சிருக்கவே கூடாதாம்."

செங்கமலம் புடவையை வாளியிலேயே போட்டாள். உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தினாள். அன்றும் மறுநாளும் அந்தக் கதவு திறக்கவில்லை. கிண்ணமும் வரவில்லை. வாளித்துணியை ரகுபதிதான் வந்து உலர்த்தினார். அவரும் மாரிசெல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் சொன்னேம்லா" என்றான் அருள்பாண்டி. மாரிசெல்வி கொம்பையா அண்ணனுக்குப் போன் போட்டாள். மாத்தூர்ப் பக்கம் ரூம் பார்ப்பதாகச் சொன்னார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கினாள்.

அப்படிக் கட்டிக்கொண்டிருந்த காலையில்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செங்கமலம் வெளியே போகிற புடவையில், வியர்த்து விறுவிறுத்து அறைக்குள் வந்தாள்.

"மூட்ட இன்னாத்துக்கு?"

"நீங்களா வாயெடுத்துக் காலி பண்ணச் சொல்லமாட்டீகன்னு தெரியும்க்கா. அதான் நாங்களே..."

"நான் இன்னா சொல்லணும்?" அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினாள். அருள்பாண்டியை நேரே பார்க்க முடியாமல் கட்டில் காலைப் பார்த்துப் பேசினாள். "பாண்டி, என் காலாலதானா?"

"என்னதுக்கா?"

"உன் காலு மரத்துப்போனது என் கால் பட்டதாலயான்னு கேக்கறேன். சோறு எறங்கல எனக்கு. கண்ண மூடுனா உன் முதுகு வந்து நிக்குது. பெருமாள் குடுத்த காலுன்னு நெனச்சிகினு இருந்தேனே. புழு அரிச்ச மரத்துமேல ஏறி நின்னுகீறேன் பாத்துக்க."

மாரிசெல்வியின் கையிலிருந்த சாக்குக்கயிறு நழுவியது. சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தது அருவருப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இல்லக்கா, அது கிருமி" என்றான் அருள்பாண்டி. "ஒங்க காலு பட்டா ஒரு நா நிம்மதியா இருக்கும். பொய் சொல்லல."

"அந்த ஒரு நாளைக்காவத்தான் நீ டாக்டராண்ட போவல."

அது உண்மைதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

"நீங்க வேணும்னா செஞ்சீக?" என்றாள் மாரிசெல்வி. "இழுத்துட்டு வந்து படுக்கவச்சது நான்தானக்கா. வாலாஜாபாத்துக்கும் சரின்னேன்."

"நாம ரெண்டு பேரும் சேந்துதான் இவன முடிச்சிருப்போம்" என்றாள் செங்கமலம். மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இனிமே எவன் வந்து படுத்தாலும் மொதல்ல டாக்டராண்ட காட்டுன்னுதான் சொல்லப்போறேன். சரி, கேளு. அந்த நர்ஸாண்டதான் போயிட்டு வரேன். இவனுக்கு இன்னா குடுக்கலாம், எப்டி எடுக்கணும், எப்டித் திருப்பணும், எல்லாம் கேட்டுகினு வந்துட்டேன். எனக்கும் எக்ஸ்ரே எடுன்னேன். உனக்கு வேணாம், அது தாவாதுன்னா. வந்ததுக்கு எடுறீன்னேன். எடுத்தா."

அருள்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது, முதுகு வலிக்கவே அடக்கிக்கொண்டான்.

"உம்மேலதான் மாரி எனக்குக் கோவம். நோவ மறச்ச, சரி. பயம். காலிக் கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தியே, அது எந்த ஊர் வயக்கம்?"

மாரிசெல்வி அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். செங்கமலம் அவளை அழவிட்டுவிட்டு, சாக்கைப் பிரித்துச் சட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். எந்தச் சட்டி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆவணிப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. காண்டிராக்டர் அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்திவிட்டான். பலராமன் பழங்களோடு வந்து, நிற்க முடிந்ததும் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்லிப் பார்ப்பது எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கும் தெரியும். அவர் போன பிறகு அருள்பாண்டி அந்தப் பழங்களைத் தொடவில்லை. மாரிசெல்வி வேலைக்குத் திரும்பினாள். கிடைத்த ஓவர்டைமையும் விடாமல் பார்த்தாள்.

அவனால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. பயமும் ஒரு காரணம். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே வாக்கில் இரண்டு பேர் திருப்பவேண்டும். மாரிசெல்வி இருந்தால் அவளும் செங்கமலமும். அவள் ஷிப்டுக்குப் போனால் செங்கமலமும் ரகுபதியும். "பாண்டிய திருப்பிட்டு வரேன்" என்று சொல்லி ரகுபதி ஆட்டோவில் சவாரி ஏறியவர்களையே நிற்கவைத்துவிட்டு வந்ததும் உண்டு. அவித்த முட்டையும் வேர்க்கடலையும் செங்கமலம் வீட்டிலிருந்து வந்தன. கிண்ணங்கள் இங்கிருந்து மொச்சைக்குழம்போடு திரும்பின. காய்ச்சல் விட்டது. சுடுதண்ணீர் பட்டால் பாதம் சுட்டது. சுட்டதற்காக அவன் சந்தோஷப்பட்டான். ஐப்பசியில் பெல்ட்டோடு எழுந்து உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் சுவரைப் பிடித்து வேப்பமரம்வரை போய்வந்தான். ஆனாலும் படுத்தால் மட்டும் யாராவது வந்து திருப்பும்வரை அப்படியே கிடந்தான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து மழை விடவில்லை. ஏரி நிறைந்துவிட்டதென்று தெருவில் போகிறவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவன் மல்லாந்து படுத்துத் தூங்கினான். மாரிசெல்வி கட்டிலோரம் உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. ஏறிட்டுப் பார்த்தாள். அவன் தூக்கத்திலேயே ஒரு முழங்காலை மடக்கி, தோளைச் சாய்த்து, மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். முனகலில்லை. கையைத் தலைக்கு அடியில் கொடுத்துக்கொண்டான், மூச்சு மறுபடியும் சீராகப் போனது.

அவள் கையில் பூண்டோடு அசையாமல் இருந்தாள்.

வெளியே செங்கமலம் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடி வந்தாள். "மாரீ, திருப்புற நேரமாச்சே, மறந்துட்டியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தவளை, மாரிசெல்வி உதட்டில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இன்னா?"

"திரும்பிப் படுத்துட்டாகக்கா."

"யாரு திருப்புனது? நீ ஒண்டியாவா?"

"அவுகளாத்தான்."

செங்கமலம் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். முறத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். பிறகு குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்து, "தூங்கட்டும், எயுப்பாத" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.